தொண்டைச் சில்லு

ஊர் ஆஸ்பத்திரியில் வயதான நோயாளிகளையெல்லாம் அப்பா, அம்மா என்று கூப்பிட்டே வேலை பார்த்த நர்ஸ் ஜெபக்கனி. வேலைக்குப் போன ஜெர்மனியில் அது ஒத்துவரவில்லை. நர்ஸ் உரிமம் தருவதற்கு முன், அங்கிருந்த பயிற்சி மையம் அவள் தொண்டையில் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தியது. உறவுமுறை வாயில் வந்தாலே குரல் அடைத்துக்கொள்ளும். பெயரைச் சொன்னால் திறக்கும்.

அடுத்த வருடம் தேர்வில் ஜெயித்தாள். சில்லை எடுத்துவிட்டார்கள். அன்றே, இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்த தந்தைக்குப் புது நம்பரிலிருந்து போன் போட்டாள்.

“வணக்கம், திரு. தவசிமுத்து. வலி ஒண்ணுலருந்து பத்துக்குள்ள எவ்வளவு இருக்கு?”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்த மனைவியிடம் கேட்டார்.

“ஏளா, நம்ம பிள்ளை குரல் மாதிரியே ஆஸ்பத்திரியிலருந்து ஒருத்தி பேசுதா. ஏழுன்னு சொல்லட்டா?”