தலைப்பாகைக்குள் இறைச்சி

"சீ! சத்தி வருது!" என்று வாந்தி வருபவர்போல் சொல்லிவிட்டு ஸைனுலாப்தீன் நாவலின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மருதமுனையில் பன்னிரண்டு தறிகளுக்கு முதலாளி அவர். அந்த நாவலைத் தன் தறிச்சாலையிலேயே கையும் களவுமாகப் பிடித்திருந்தார். மஜீட் என்ற நெசவாளி உரத்து வாசிக்க, மற்றவர்கள் தறியை அப்படியே விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் கிடந்தார்கள். வேலை நேரத்தில் இப்படியொரு கூத்தா! அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"முதலாளி, கல்முனை முழுக்கத் தேடினாலும் இது ஒண்டுதான் இரிக்கி. கதையில வாற விதானையார் கடைசியில அம்புடுறாரா எண்டாவது சொல்லுங்க" என்று மஜீட் கெஞ்சினான். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

நேரே பள்ளிவாசலை நிர்வகிக்கும் மூத்த மரைக்கார் முகம்மது தம்பியிடம் போனார். "வாசிச்சுப் பாத்து என்னென்ன குத்தம் இரிக்கெண்டு சொல்லுங்க. குப்பையெண்டா எரிச்சிருவம்" என்றார் மரைக்கார்.

பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் பதவி காலியாக இருந்தது. அதற்கு ஸைனுலாப்தீனின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அவரும் பதினைந்து வருடமாக அந்தக் கதிரைக்கு ஆசைப்பட்டவர். இந்தக் காரியத்தைச் சும்மா விடுவாரா?

ஆகவே ஒவ்வொரு நாளும் பகல் சாப்பாடு முடிந்ததும் பாயில் சாய்ந்து வாசித்தார். சத்தமாகத்தான் வாசித்தார். அந்த அசிங்கம் எப்பேர்ப்பட்டது என்று மனைவி உம்முவுக்கும் தெரியவேண்டாமா!

நாவலின் நாயகன் ஒரு விதானையார், ஊர்த் தலைமைக்காரர். பெருந்தீனிக்காரர், மகா கஞ்சர். கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டருகே குந்தி, மற்றவர்கள் பார்க்காத நேரம் இறைச்சித் துண்டுகளைத் தலைப்பாகைக்குள் ஒளிப்பார். இறைச்சிக் குழம்பான ஆணம் நெற்றியால் வழியும். "என்ன விதானையார், வேர்க்குதோ?" என்று பக்கத்தில் இருப்பவன் கேட்பான். "ஓம் தம்பி, சோறு நல்ல சூடு" என்பார். சொல்லிவிட்டு அந்த வேர்வையை விரலால் வழித்து நக்குவார்.

"தூ! மனிசனா இவன்?" என்று ஸைனுலாப்தீன் முகத்தைச் சுளித்தார். சுளித்தபடியே, விதானையாரின் கரகரத்த குரலில் அந்த இடத்தை இன்னொரு தரம் வாசித்தார்.

உம்மு தலை நிமிரவில்லை. மடியில் கொப்பியை வைத்து வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவள் படித்தது ஓதப்பள்ளியில் மட்டும். தமிழையும் அறபு எழுத்தில்தான் எழுதத் தெரியும், ஊரில் பெண்கள் பலரும் அப்படித்தான். மார்க்க விசயம் ஏதோ எழுதுகிறாள் என்று ஸைனுலாப்தீனுக்கு உள்ளூரப் பெருமை. இந்தச் சாக்கடை காதில் விழும்போதும் அவள் கை நிற்கவில்லையே!

"இஞ்சருங்க, கொஞ்சம் ஆறுதலா வாசிங்க" என்றாள் உம்மு. "இப்பிடி ஓடினா எனக்கு அருவருப்பு வருகுதில்ல."

"அதுஞ் சரிதான்" என்று அவர் ஆறுதலாக வாசித்தார்.

ஒன்பதாம் நாள் புத்தகம் முடிந்தது. குற்றங்களையெல்லாம் மரைக்காரிடம் ஒப்புவித்து அனுமதி வாங்கி, தன் கையாலேயே அதை அடுப்புக்குள் போட்டார். கடைசித் தாள் கருகும்வரை நின்று பார்த்தார். ஏனோ அன்று பின்னேரம் தேத்தண்ணி இறங்கவில்லை. எல்லாம் அந்த அரியண்டம் பிடித்த விதானையாரால் வந்த குமட்டல் என்று உம்முவிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் மரைக்கார் வீடு தேடி வந்தார்.

"ஊரச் சுத்தமாக்கிப் போட்டீங்க. பதவிக்கு உங்கட பேரத்தான் நாளைக்குச் சொல்லப்போறன்" என்றார். ஸைனுலாப்தீன் அடக்கமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

உள் அறையில், திரைக்கு அந்தப் பக்கம், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். உம்மு ஏதோ வாசிப்பது மெல்லக் கேட்டது. பிறகு ஒரு விம்மல். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க மூச்சுத் திணறும் விம்மல்.

"என்ன, அழுறாங்களா?" என்றார் மரைக்கார்.

"மார்க்கக் கிதாபு கேட்டு உருகிறாங்க" என்றார் ஸைனுலாப்தீன். "கண்ட நாவலையும் படிக்கிற ஆக்களுக்கு இந்த உருக்கம் வருமா? அதுகள நினைச்சாலே எனக்குக் குமட்டுது."

மரைக்காரின் கண்களும் கலங்கிவிட்டன.

அப்போது திரை சற்று விலகியது. உள்ளேயிருந்து ஒரு கை, உம்முவின் கொப்பியை வெளியே நீட்டியது. விருந்தாளி வந்திருப்பது தெரியாமல், பக்கத்து வீட்டு நஸீறா மூச்சு வாங்க வாங்க, அண்ணன் முறையான ஸைனுலாப்தீனிடம் சொன்னாள்.

"காக்கா, விதானையார்ர குரல் உங்களுக்குத்தானாம் நல்லா வரும், ஒருக்கா எங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்களன்!"