வெறும் சட்டம்

ஹைஸ்கூல் ஜிம்மில் பட்டமளிப்பு விழா நடக்கிறது. தவமலர் படத்துக்கான சட்டத்தை முதலே வாங்கி, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி வீட்டுச் சுவரில் வெறுமையாக மாட்டிவிட்டு வந்திருக்கிறாள். மகள் சான்றிதழ் வாங்கும் கணத்தைத்தான் எடுக்க வேண்டுமென்பது கணவனுக்கு அவள் இட்ட கட்டளை. குணசீலனிடம் இருப்பது இரவல் கமரா, சொந்த நடுக்கம். மயூரியின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். நீல அங்கியில், தொப்பி ஒரு பக்கம் சரிய, அவள் மேடையில் நடக்கிறாள். எல்லாப் பெயரும் முடியும்வரை கைதட்ட வேண்டாமென்று பாடசாலை அதிபர் சொல்லியிருக்கும் மண்டபத்தில், ஒருவர் மட்டும் எழுந்து நின்று படபடவென்று தட்டுகிறார். நானூறு தலைகள் திரும்புகின்றன. மயூரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, சான்றிதழோடு இறங்கிவிடுகிறாள். "இஞ்சரப்பா, எடுத்தாச்சோ?" என்கிறாள் தவமலர். குணசீலன் நெஞ்சில் தொங்கும் கமராவைப் பார்க்கிறார். "இருக்கிறது ரெண்டு கைதானேயப்பா. ரெண்டும் தட்டிக்கொண்டெல்லோ நிண்டது."