சுவரெல்லாம் அக்கா

"கதவைத் திறக்கா, கார் காத்துக்கிட்டு..."

"திறக்க மாட்டேன். மேடையும் வேணாம், மைக்கும் வேணாம். நீ கிளம்பு."

அழகுசாதனக் கம்பெனியின் விற்பனை மேலாளர், அக்காவின் படுக்கையறைக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். நான்கு வருடம் வெளிநாட்டுக் கிளையில் இருந்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தார். இன்று புதுக் கிரீமுக்கு வெற்றி விழா; நாளை அவரைக் கம்பெனித் தலைவராக அறிவிக்கப் போகிறார்கள்.

"பவுடர் பூச இவ்வளவு நேரமா? கல்யாணப் பொண்ணே இதுக்குள்ள வெளிய வந்திருப்பா."

அவர் கதவை மறுபடியும் தட்டினார்.

"முகத்துல ரெண்டு புள்ளின்னு போன்ல புலம்பினது நீதானே? அதான் முதல் டப்பா கிரீமை உனக்கு அனுப்பினேன். இன்னிக்கு ஊர்ச் சுவரெல்லாம் உன் முகம். பூசறதுக்கு முன்னாடி ஒண்ணு, மூணு மாசம் பூசினப்புறம் ஒண்ணு. முதலாளியே உன்னைப் பார்க்கணும்கிறாரு."

"படத்துல பார்த்தது போதும்னு சொல்லு."

"அதைப் பார்த்துத்தானே அசந்துட்டாரு. ஒரு படத்துல முகமெல்லாம் கருந்திட்டு, நெத்தியில தழும்பு வேற. இன்னொண்ணுல தழும்பு கூட இல்ல. தழும்பையே அழிக்கிற கிரீமான்னு கேட்டாரு."

"அந்தத் தழும்பு எப்ப வந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொன்ன. எப்பன்னு யாருக்கு ஞாபகம்? அக்கா, நீ வரலேன்னா படமே பொய்னு பேசுவாங்க. என் இத்தனை வருஷ உழைப்பும் போச்சு."

அக்காவின் குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது.

"ரெண்டு படத்தையும் ஒரே கவர்ல போட்டு அனுப்பினேன். பார்த்ததும் நீ பதறிப்போய் போன் பண்ணுவேன்னு நினைச்சேன்."

"பதறவா? குதிச்சேன்கா. அன்னிக்கே விளம்பரத்துக்குக் கொடுத்துட்டேன்."

"பின்னாடி எதுவும் எழுதாம விட்டது என் தப்பு. அப்புறம் நீ இருந்த சந்தோஷத்துல எனக்குச் சொல்ல வாய் வரல."

தாழ்ப்பாள் விலகியது. முகத்தை மூடியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, அக்கா வெளிச்சத்தில் வந்து நின்றாள்.

"தழும்பு இருக்கற படம்தான்டா, மூணு மாசம் பூசினப்புறம் எடுத்தது."