ஒரு சாண் செடி

முறம் எடுக்கப் போன சொர்ணலட்சுமி, கொழுந்தன் வீட்டுச் சாமான் அறையில் அப்படியே நின்றுவிட்டாள். இருட்டு மூலையில் ஒரு டம்ளரில் பயறுச் செடி ஒரு சாண் வளர்ந்து நின்றது. மாடியில் தன் வீட்டு ஜன்னல் செடி இதில் பாதிகூடத் தேறாது. வயிறு பற்றி எரிந்தது.

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நேரம். அறிவியல் டீச்சர் செல்போனிலேயே பாடம் நடத்தி, வீட்டில் பயறு போட்டு வளர்க்கச் சொல்லியிருந்தார். இன்று சாயங்காலம் வீடியோவில் காட்ட வேண்டும். நன்றாகச் செய்த பிள்ளைக்கு மாவட்டக் கண்காட்சியில் இடம்.

மகள் சௌந்தர்யாவும், கீழ்வீட்டு ஓரகத்தி பாண்டிச்செல்வியின் மகன் மதன்குமாரும் ஒரே வகுப்பு. போன வருஷமும் பரிசு அவனுக்குத்தான். அந்தக் கோப்பையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக் காட்டியே பாண்டிச்செல்வி இவளை நோகடித்திருந்தாள்.

இந்த முறை விடுவதில்லை என்று, மகளுக்குத் தெரியாமல் ஜன்னல் செடிக்கு அரிசி கழுவிய தண்ணீரெல்லாம் ஊற்றிப் பார்த்தாள். மதன் வேறு தினமும் மாடிக்கு வந்து, ஸ்கேல் வைத்து அதை அளந்துவிட்டுப் போனான்.

"மகனை வேவு பாக்க அனுப்புறாளாக்கும்!" என்று பல்லைக் கடித்தாள்.

இப்போது பாண்டிச்செல்வி நாகல் நகர்ப் பக்கம் காய் வாங்கப் போயிருந்தாள். பிள்ளைகள் மொட்டை மாடியில். செடி கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது, ஆனாலும் என்ன உயரம்! சொர்ணலட்சுமி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வேரோடு பிடுங்கிக் கசக்கிச் சாக்கடையில் போட்ட பிறகுதான் வயிறு குளிர்ந்தது.

சாயங்காலம் சௌந்தர்யா அழுதுகொண்டே படியேறி வந்தாள்.

"அம்மா, சித்தி வீட்ல இருந்த செடிய யாரோ பிடுங்கிட்டாங்கம்மா!"

"எலி கிலி இழுத்திருக்கும். அதுக்கு நீ ஏன்டி அழுகிற? ஜன்னல்ல ஒன் செடி இம்புட்டுப் பச்சையா நிக்குதுல்ல, தைரியமா எடுத்துக் காட்டு."

"மதனை வெயில்லயும் என்னைய இருட்டுலயும் வளக்கச் சொன்னாங்கம்மா டீச்சர். நம்ம வீட்ல ஏது இருட்டு, அவங்க வீட்ல ஏது வெயிலு?"

சௌந்தர்யா மூக்கை உறிஞ்சினாள்.

"ஜன்னல்ல இருக்கிறது மதனோடதும்மா."