கூண்டுக்குள் ஒரு இங்கிலீஷ் வார்த்தை

கறிக்கடை வாசலில் ஒரு கம்பிக் கூண்டு. அதில் ஏற்கெனவே எட்டுக் கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் ஒன்பதாவதாக ஒரு மொட்டைவால் கோழியைத் திணித்து, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார்.

“அப்படின்னா என்னக்கா?” என்று மொட்டைவால் பக்கத்திலிருந்த நொண்டிக் கோழியிடம் கேட்டது.

“அது இங்கிலீஷ். பண்ணையில சொன்னா, இன்னிக்குத் தண்ணி வராதுன்னு அர்த்தம். லாரியில சொன்னா, மூச்சை அடக்கிக்கோன்னு அர்த்தம். என் கால் ஒடிஞ்சப்பவும் அதையேதான் சொன்னாங்க.”

“இங்க சொன்னா?”

“தள்ளி உட்காருன்னு அர்த்தம். உட்காரு.”

மொட்டைவால் தள்ளி உட்கார்ந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு கை உள்ளே வந்து ஒரு கோழியைத் தூக்கிப் போனது. மிச்சமிருந்தவை ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் காலை நீட்டிக்கொண்டன.

“பரவாயில்ல, இப்போ வசதியா இருக்கு” என்றது நொண்டி. மத்தியானம் அதுவும் போனது.

இப்போது முழுக் கூண்டும் மொட்டைவாலுக்குத்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அது இறக்கையை முழுசாக விரித்துப் பார்த்தது.

கதவு திறந்தது. கை உள்ளே வந்தது.

மொட்டைவால் அவசரமாக இறக்கையை மடக்கிக்கொண்டு, கைக்கு இடம் விட்டு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தது.