தக்காளி நாற்றுக்கு வெயில் பழக்கிய கதை

அவருடைய மனைவி இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவள் விதைத்த தக்காளி நாற்றுகள் ஜன்னலோரம் பிளாஸ்டிக் கப்புகளில் ஒரு சாண் வளர்ந்து நின்றன.

"எடுத்த எடுப்பில மண்ணுல நட்டுடாதீங்கப்பா. ஒரு வாரம் வெயில் பழகணும். தினம் கொஞ்ச நேரம் வெளிய வச்சுட்டு உள்ள எடுத்துடுங்க," என்றாள் மகள் போனில்.

"லைசென்ஸ் எடுக்கற மாதிரில்ல இருக்கு."

"மறந்துடுவீங்க, பாருங்க."

முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு ஸ்டாப்பைக்கூட மறக்காதவருக்கு, வீட்டில் அடுப்பை அணைக்கவும் மனைவி சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாளே, வெளியே வைத்த நாற்றுகளை உள்ளே எடுக்க மறந்தார். சாயங்காலம் பதறி எழுந்தால், நாற்றுகள் ஜன்னலோரம் இருந்தன. கதவு உள்ளே தாழிட்டது தாழிட்டபடி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து வேண்டுமென்றே மறந்தார்.

பத்து நாள் கழித்து மகள் கேட்டாள்: "இன்னுமா நடல? வேர் சுத்திக்கிச்சுன்னா செத்துடும்ப்பா."

"நட்டுட்டா அப்புறம் யாரும் உள்ள எடுத்து வைக்க வேண்டியதில்லையேம்மா."

இலைகள் மஞ்சளானதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் தோட்டத்தில் நட்டார். காலிக் கப்புகளை மண்ணோடு அங்கேயே போட்டுவிட்டு வந்து மதியம் கண்ணயர்ந்தார்.

எழுந்தபோது கப்புகள் ஜன்னலோரம் வரிசையாகக் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. வேலை முடிந்தால் அவள் அப்படித்தான் வைப்பாள். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.