லைவில் பதின்மூன்று பேர்

"அக்கா, இனி லைவை நிப்பாட்டுவம்," என்றாள் றஜிதா.

செலீன் நிமிரவில்லை. மேசையில் குவிந்து கிடந்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நகரின் கிழக்குப் பக்கம், மோர்னிங்சைட்டில் அவளுடையது சின்னச் சேலைக் கடை. சனிக்கிழமைகளில் காலை பதினொரு மணிக்குக் கடையிலிருந்தே ஃபேஸ்புக்கில் நேரலை. ஒரு மணித்தியாலம் சேலைகளை விரித்துக் காட்டிக் கதைப்பாள். அந்த ஒரு மணித்தியாலத்தை வெட்டி, பத்துக் குட்டி வீடியோக்களாகவும் படங்களாகவும், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலாகவும் ஆக்குவது றஜிதாவின் தொழில்.

"ஏன்?"

"போன கிழமை கத்தரிப்பூ நிறச் சாறியைப் பற்றி நான் வெட்டிப் போட்ட துண்டை நாப்பதினாயிரம் பேர் பாத்திருக்கினம். லைவைப் பாத்தது பதின்மூண்டு பேர். அதில ஒண்டு நான், ஒண்டு உங்கட ஃபோன்."

"மிச்சம் பதினொரு பேர் இருக்கினம்தானே."

"ஒரே நாளில மூண்டு மாதத்துக்குப் போதுமான வீடியோவை எடுத்து வைப்பம். பிறகு சனிக்கிழமையில நீங்கள் ஆறுதலாய் இருக்கலாம்."

"எனக்கு ஆறுதல் வேண்டாம். லைவ் இருக்கட்டும்."

மூன்று மாதமாக இதே பதில்தான்.

றஜிதாவுக்கு இன்னொரு தலையிடியும் இருந்தது. கிளடிஸ் அன்ரி. நகரின் மேற்குப் பக்கம், ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் நேரலைக்கு வருபவர். 'அந்தப் பச்சையின்ர தலைப்பைக் காட்டுங்கோ' என்று எழுதுவார். அது பரவாயில்லை. 'குரல் அடைச்சிருக்கு, தடிமனோ?' என்றும் எழுதுவார். செலீனும் வியாபாரத்தை மறந்து, "தடிமன் இல்லை அன்ரி, நேற்றுக் குளிருக்க நிண்டிட்டன். நீங்கள் பிரஷர் குளிசை ஒழுங்காய்ப் போடுறீங்களோ?" என்பாள். பதில் வரும்வரை கமராவைப் பார்த்தபடி நிற்பாள். விற்பனைக்கு உதவாத இந்த இடங்களை றஜிதா கிழமைக்குக் கிழமை வெட்டி எறிந்தாள்.

ஆனால் ஒரு சேலையாவது வாங்காமல் கிளடிஸ் அன்ரி போனதில்லை.

"அப்ப ஒண்டு செய்வம்," என்றாள் றஜிதா. "கிளடிஸ் அன்ரியின்ர வீட்ட போய் ஒரு வீடியோ எடுக்கிறன். எங்கட சாறி எப்பிடி எண்டு அவ ரண்டு வசனம் சொன்னாக் காணும்."

செலீனின் கை நின்றது.

"உது சரிவராது, றஜிதா."

"கேட்டுத்தான் பாப்பமே."

செலீன் பேனாவைத் தேடி எடுத்தாள். பிறகு, எந்தப் பதிவையும் பார்க்காமல் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை றஜிதா ரெக்ஸ்டேலுக்குப் போனாள். ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்தவர் எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர். பெயர் நீக்கிலாப்பிள்ளை என்றார்.

"கிளடிஸ் அன்ரி நிக்கிறாவோ, அங்கிள்? செலீன் அக்காவின்ர சாறிக் கடையில இருந்து வாறன்."

அவர் வழியை விடாமல் நின்றார். பிறகு விலகி, "உள்ளுக்கு வாரும், பிள்ளை," என்றார்.

அவள் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"கிளடிஸ் என்ர மனிசி. மோசம்போய், கண்ணை மூடி நாலு வருசம்."

றஜிதா திறக்கத் தொடங்கிய கமராப் பையின் ஸிப்பைத் திரும்ப இழுத்து மூடினாள்.

"அப்ப லைவில எழுதிறது?"

"நான்தான். ஐபாட் அவவின்ர. அவவின்ர பேர்தான் அதில கிடக்கு. என்ர பேரில போனா வடிவாயிராது."

சுவரோரம் பார்சல்கள் அவளுடைய நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. செலீன் பேனாவால் எழுதிய விலாசம் வெளியே தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பி வைத்திருந்தார்.

"கட்ட ஆளில்லாமல் ஏன் அங்கிள் வாங்கிறீங்கள்?"

"சும்மா பாத்துப்போட்டுப் போறது மரியாதையில்லைத்தானே. அந்தப் பிள்ளையின்ர கடையும் நடக்க வேணும்."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

"கிளடிஸின்ர செத்தவீட்டில, எந்தச் சாறி உடுத்தி அனுப்பிறதெண்டு பெரிய சண்டை, பிள்ளை. கூறைச் சாறிதான் எண்டு ஒரு பக்கம். வெள்ளைதான் எண்டு நான். நான்தான் வெண்டனான்." தேத்தண்ணியைப் பார்த்தார். "அதுக்குப் பிறகு இஞ்ச ஒருத்தரும் வாறேல்லை."

றஜிதா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"லைவுக்கு நேரம் பாத்துக் காவலிருக்கத் தேவையில்லை, அங்கிள். நான் வெட்டிப் போடுற வீடியோக்கள் எந்த நேரமும் கிடக்கும். சத்தமும் நல்ல தெளிவு."

"எல்லாம் பாக்கிறனான். வடிவாய்ச் செய்யிறீர். ஆனா, அதுகளில நான் கேட்டா அந்தப் பிள்ளை மறுமொழி சொல்லுறேல்லை."

கதவடியில் அவளுடைய கையைப் பிடித்தார். "எழுதிறது நான்தான் எண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதேயும், பிள்ளை. பிறகு கதைக்கமாட்டா."

"சொல்லமாட்டன், அங்கிள்."

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. மோர்னிங்சைட் வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. செலீன் வேறு சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளடிஸ் அன்ரிக்கு வீடியோவில வர விருப்பமில்லையாம், அக்கா," என்றாள் றஜிதா. பொய் அவளுக்கு அவ்வளவாக வராது. அதனால் சுருக்கமாகச் சொன்னாள். "லைவும் இருக்கட்டும். நல்ல வாடிக்கையாளர். இழக்கக் கூடாது."

செலீன் தலையாட்டினாள். மடித்த சேலையை விரித்து, மறுபடி மடித்தாள்.

"அப்பா நல்லாய் மெலிஞ்சு போனாரோ?" என்று கேட்டாள்.